மைன் பக்கத்து மண்ணுல வெளஞ்சத சாப்புடுறதுக்கு முன்னாடி என்னெல்லாம் பாக்கணும்

போன கார்த்திகைல ஒரு நாள் ராத்திரி மச்சினன்கிட்ட இருந்து வரிசையா போட்டோ. அவன் ஒடிசாவுல சுகிந்தா பக்கம் குரோமைட் (குரோமியம் இருக்குற கல்லு) மைன்ல ஹிட்டாச்சி ஓட்டுறான், போயி ரெண்டு வருசம் ஆகப்போகுது. குவாட்டர்ஸுக்குப் பின்னாடி நாலஞ்சு பேரா சேந்து பாத்தி கட்டி பாலக்கு, முள்ளங்கி, கொத்தமல்லின்னு போட்டுருக்காய்ங்க, பச்சப்பசேல்னு நிக்கிது. "மச்சான், நம்மூர்ல உப்புத்தண்ணிய ஊத்திக்கிட்டு ஒரு கத்தரிச்செடிய காப்பாத்த முடியல, இங்க பாருங்க"ன்னு ஒரு வாய்ஸ் மெசேஜ் வேற. பொறாமையாத்தான் இருந்துச்சு. அப்புறம் போட்டோவ பெருசாக்கிப் பாத்தா எல மேல பூராம் புழுதி, ஓரத்துல ஒரு ஹோஸ் பைப்பு. தண்ணி எங்கருந்து மாப்ளன்னு கேட்டா, மைன் குழியில ஊறுற தண்ணிய பம்ப் பண்ணி வெளிய விடுறாங்க, அதுல இருந்து ஒரு லைன் இழுத்துருக்கோம்ங்குறான். பொங்கலுக்கு வரும்போது அங்க வெளஞ்ச அரிசி ஒரு மூட்ட வேற கொண்டாறானாம், பிள்ளைகளுக்கு.

நான் சாயல்குடி பக்கம் ஒரு சின்ன உரக்கடை வச்சிருக்கேன், படிச்சது கெமிஸ்ட்ரி. அவனுக்கு போன்லயே ஒரு மணி நேரம் சொன்னத, கடைக்கு வர்றவங்களும் அப்பப்ப கேக்குறதால இங்க எழுதி வைக்கிறேன். நம்ம பக்கத்துல இருந்து ஒடிசா, சத்தீஸ்கர், ராஜஸ்தான்னு மைன் வேலைக்குப் போன குடும்பம் யாராச்சும் இருந்தா அவங்களுக்கு இது நேரா உதவும், மத்தவங்களுக்கும் நடுவுல கொஞ்சம் இருக்கு, அத சொல்ற எடத்துல சொல்றேன்.

முதல்ல ஒண்ண மண்டையில ஏத்திக்கங்க. ஈயம், காட்மியம், ஆர்சனிக், பாதரசம்னு ஹெவி மெட்டல்னு சொல்றோமே, இதெல்லாம் பூச்சிமருந்து மாதிரி நாள்பட நாள்பட சிதைஞ்சு போறது இல்ல, கெட்டுப்போன மீனு மாதிரி அன்னைக்கே வயித்தக் கலக்கி காட்டிக்கொடுக்குறதும் இல்ல. சும்மா கொதிக்க வச்சாலும் போகாது (அரிசில இருக்குற ஆர்சனிக் மட்டும் கஞ்சி வடிச்சா கொஞ்சம் போகும், அத பின்னாடி சொல்றேன்), காய வச்சாலும் போகாது, எண்ணெயில பொரிச்சாலும் அப்படியே இருக்கும், ருசியும் மாறாது. அதனால ஒரு வேள சாப்டுட்டோமேன்னு பதறவும் வேணாம், பத்து வருசமா சாப்புடுறோம் ஒண்ணும் ஆகலயேன்னு தைரியமா இருக்கவும் வேணாம். காட்மியம் கிட்னிக்குள்ள போயி உக்காந்துச்சுன்னா அதுல பாதி வெளிய போகவே 10ல இருந்து 30 வருசம் ஆகும். இன்னைக்கு சாப்பிட்ட கீரைக்கு கணக்கு உங்க ரிட்டயர்மென்ட் காலத்துலதான் வரும்.

இதுக்கு உலகம் பூராம் சொல்ற கதை ஜப்பான் கதை. டொயாமான்னு ஒரு மாகாணம், அங்க ஜின்சூ ஆறு, அதுக்கு மேல கமியோகான்னு ஒரு துத்தநாக மைன். மைன் கழிவு ஆத்துல எறங்கி, ஆத்துத்தண்ணி நெல்லு வயல்ல பாஞ்சு, அரிசில காட்மியம் ஏறிருச்சு. பிள்ள பெத்த, வயசான பொம்பளைங்களுக்கு எலும்பு மெலிஞ்சு, இருமுனா கூட விலா எலும்பு ஒடையுற அளவுக்கு ஆகிப்போச்சு. வலியில அவங்க கத்துனதே நோயோட பேராச்சு, இதாய் இதாய்னு, ஜப்பான் பாசையில வலிக்குது வலிக்குதுன்னு அர்த்தம். ஹகினோன்னு ஒரு உள்ளூர் டாக்டர்தான் விடாம தோண்டி இது மைன்ல இருந்து வர்றதுன்னு நின்னாரு, 1968ல அரசாங்கமே ஒத்துக்கிட்டு பொல்யூஷன் நோய்னு அறிவிச்சுச்சு. வயல் மண்ண மாத்தி சரி பண்ற வேலை 2012ல தான் முடிஞ்சுச்சு, 30 வருசத்துக்கு மேல இழுத்துருச்சு. அவங்க எல்லாம் ஒரே ஆத்துத் தண்ணிய குடிச்சு, சொந்த வயல் அரிசியவே காலம் பூராம் சாப்பிட்டவங்க, இத கவனிங்க. ரேஷன்லயும் கடையிலயும் பல ஊரு அரிசி கலந்து சாப்புடுற நமக்கும் அவங்களுக்கும் அதுதான் வித்தியாசம். எப்பவும் கடை அரிசி திங்கிறோமேன்னு நம்மாளுக சலிச்சுக்குவாங்க, இந்த ஒரு விசயத்துல அது நல்லதுதான்.

சரி, இப்ப வழிக்கு வருவோம். முதல் கேள்வி, அது என்ன மைன்? மைனு, குவாரின்னு பொதுவா பயப்படுறதுல அர்த்தமே இல்ல. துத்தநாகம், ஈயம் எடுக்குற எடம்னா காட்மியமும் ஈயமும்தான் பிரச்சனை, ஏன்னா காட்மியம் துத்தநாகக் கல்லோடவே ஒட்டிக்கிட்டு வரும், அது பயிருக்குள்ள சுலபமா ஏறும். தங்கம் எடுக்குற எடம்னா ஆர்சனிக்கும் பாதரசமும். செம்புன்னா செம்போட சேத்து ஆர்சனிக்கு, காட்மியம். மச்சினன் இருக்குறது குரோமைட், நாட்டுல கெடைக்கிற குரோமைட்டுல 90 சதவீதத்துக்கு மேல ஒடிசாவுலதான் இருக்கு. குரோமியம் பயிருக்குள்ள போனா பெரும்பாலும் வேருலயே தங்கிரும், எலைக்கும் காய்க்கும் கம்மியாத்தான் ஏறும். ஆனா ஹெக்ஸாவேலன்ட் குரோமியம்னு ஒரு ரூபம் இருக்கு, அது தண்ணியில நல்லா கரையும், அங்க பிரச்சனை தண்ணியும் புழுதியும்தான், மூச்சுல போனா நுரையீரல் கேன்சர் வரைக்கும் கொண்டுவிடும். குடிதண்ணில மொத்த குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாது. அதனால அவன்கிட்ட நான் சொன்னது, கீரைய அப்புறம் பாப்போம் மாப்ள, மொதல்ல அந்த ஹோஸ கழட்டு, போர் தண்ணியோ டேங்கர் தண்ணியோ எதுவா இருந்தாலும் டெஸ்ட் பண்ணத ஊத்து, முள்ளங்கிய புடுங்கிப் போட்டுரு.

"பூராத்தையும் புடுங்கணுமா மச்சான்"னான் பாவமா. முள்ளங்கி வேருதானேடா, வேருல தங்குற சாமான வேரோட திங்கப் போறியான்னேன்.

நம்மூருக்கு வருவோம். கடையில என்னைய நிறைய பேரு கேக்குறது, கம்மாயில சவுடு அள்ளுறாய்ங்களே, ஆத்துல மணல் அள்ளுறாய்ங்களே, அதுனால நம்ம நெல்லுல விசம் ஏறுமான்னு. சவுடு, மணல் அள்ளுறதுல நடக்குற கேடு வேற. தண்ணி கீழ போகும், கடலோரத்துல உப்பு உள்ள வரும், மேல் மண்ணு போயிரும், கம்மா தண்ணி நிக்காது. அதுவே போதுமான கொடுமை, ஆனா அதுல காட்மியம் வராது. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பிக்கிட்டா எதுக்கு எங்க போயி சண்ட போடணும்னே தெரியாமப் போயிரும். தூத்துக்குடி, நெல்லை, குமரி பக்கம் தாது மணல் எடுத்தாங்கள்ல, கார்னெட், இல்மனைட்டு, அதோட மோனசைட்டு, 2013ல கவர்மென்ட் தடை போட்டுச்சே, அது தோரியம், கதிர்வீச்சு சம்பந்தப்பட்டது, அது தனிக்கதை, அத ஈயம், காட்மியத்தோட சேக்கக்கூடாது.

அப்ப நம்ம ஊருக்கு இது எங்கிட்டு வருதுன்னா மூணு வழி. ஒண்ணு, மனை ஒசத்துறதுக்கு கொட்டுற மண்ணு. கடலோரத்துல வீடு கட்டுறவன் எல்லாம் பத்து இருவது லோடு அடிக்கிறோம், அது எங்க வெட்டுன மண்ணு, அதுல பழைய பேட்டரி ஒடைச்ச எடம், பெயின்ட்டு, கட்டடக் கழிவு எது கலந்துச்சுன்னு டிப்பர் டிரைவருக்கே தெரியாது. வீடு நிக்கிறதுக்கு அது போதும், அது மேலயே கீரைப் பாத்தி போடுறதுக்கு முன்னாடி யோசிங்க. ரெண்டாவது, டிஏபி, சூப்பர் பாஸ்பேட். அதுவும் மைன்ல இருந்து வர்ற கல்லுதான், ராக் பாஸ்பேட்டு, அதுல எயற்கையாவே காட்மியம் கொஞ்சம் இருக்கும், எந்த நாட்டுக் கல்லுங்குறதப் பொறுத்து கூடும் கொறையும். ஐரோப்பாவுல ஒரு கிலோ பாஸ்பேட் சத்துக்கு 60 மில்லிகிராமுக்கு மேல காட்மியம் இருந்தா ஐரோப்பிய யூனியன் முத்திரையோட விக்கக்கூடாதுன்னு 2022ல இருந்து சட்டம். உரக்கடைக்காரன் நானே சொல்றேன், மண்ணுல மணிச்சத்து ஏற்கனவே இருக்குன்னு ரிப்போர்ட் வந்துருச்சுன்னா வழக்கத்துக்காக மூட்ட மூட்டயா போடாதீங்க.

மூணாவதுதான் நம்ம தலையெழுத்து, உப்பு. உப்புல இருக்குற குளோரைடு, மண்ணுல ஒட்டிக்கிட்டு சும்மா கெடக்குற காட்மியத்த தன்னோட சேத்துக்கிட்டு தண்ணியில கரையுற மாதிரி ஆக்கிரும், வேரு அத ஈசியா உறிஞ்சும். ஆஸ்திரேலியாவுல உப்புத்தண்ணி பாஞ்ச உருளக்கெழங்கு தோட்டத்துல இத கண்டுபுடிச்சாங்க. அதாவது ரெண்டு வயல்ல ஒரே அளவு காட்மியம் இருந்தாலும் நல்ல தண்ணி பாயுற வயலவிட வாலிநோக்கம், மூக்கையூர் பக்கம் மாதிரி சவர் தண்ணி பாயுற வயல்லதான் பயிருக்குள்ள கூட ஏறும். ஒடிசாக்காரன் செய்யிற வைத்தியத்த நம்ம அப்படியே காப்பி அடிக்க முடியாததுக்கும் காரணம் இருக்கு, அங்கெல்லாம் மண்ணு புளிப்பு, சுண்ணாம்பு போட்டு பிஹெச்ச ஏத்துனா உலோகம் மண்ணோட ஒட்டிக்கும். நம்ம மண்ணு பாதி எடத்துல ஏற்கனவே களரு, பிஹெச் எட்டத் தாண்டி நிக்கிது, அதுல போயி யூடியூப் பாத்து சுண்ணாம்பு கொட்டுனீங்கன்னா இருக்குற வெள்ளாமையும் போச்சு.

மண் டெஸ்ட். இதுலதான் நிறைய பேரு ஏமாறுறாங்க. மண்வள அட்டை கைல இருக்கு, எல்லாம் நார்மல்னு போட்டுருக்கு, அப்புறம் என்னன்னு கேப்பாங்க. அந்த அட்டையில பாக்குறது 12 விசயம், தழை மணி சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான், பிஹெச், உப்பு அளவு, அங்ககக் கார்பன். ஈயமும் காட்மியமும் ஆர்சனிக்கும் அதுல கெடையவே கெடையாது. நானும் மனையில கொட்டுன மண்ணுக்கு முதல்ல சாதா டெஸ்ட்தான் எடுத்துட்டு நிம்மதியா இருந்தேன், ஒரு மாசம் கழிச்சுத்தான் மண்டையில ஒறச்சுச்சு. என்ஏபிஎல் அங்கீகாரம் உள்ள லேபா பாத்து ஹெவி மெட்டல் டெஸ்ட்டுன்னு தனியா சொல்லி, எந்தெந்த உலோகம்னு பேரு எழுதிக் கொடுக்கணும், ஐசிபி-எம்எஸ் இல்லன்னா ஏஏஎஸ் மெசின்ல பண்ணுவாங்க. ஒவ்வொரு உலோகத்துக்கும் தனித்தனி காசு, அதனாலதான் என்ன மைன்னு முதல்ல கேளுங்கன்னேன், தேவையில்லாதத டெஸ்ட் பண்ணி காச கரைக்காதீங்க. எந்த லேப்னு தெரியலன்னா நம்ம மாவட்டத்துக்குள்ளயே கேவிகே, அதாவது வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு, ராமநாதபுரத்துல வேளாண் பல்கலைக்கழகத்தோட கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கு, நேர்ல போயி கேளுங்க.

மண்ணு எடுக்குறதுலயும் ஒழுங்கு இருக்கு. ஒரே எடத்துல ஒரு கைப்பிடி அள்ளிட்டுப் போறதுல பிரயோசனமே இல்ல. தோட்டத்துல குறுக்க நெடுக்க நடந்து பத்து பதினஞ்சு எடத்துல, மேல கெடக்குற சருக ஒதுக்கிட்டு, வி மாதிரி அரையடி ஆழத்துக்கு வெட்டி, அந்தக் குழியோட பக்கச் சுவருல இருந்து மேலருந்து கீழ வரைக்கும் ஒரு இஞ்ச் கனத்துக்கு சீவி எடுங்க. வரப்பு ஓரம், எருக்குழி, மரத்தடி, ரோட்டோரம் வேணாம். துருப்புடிச்ச மம்பட்டி, தகரச் சட்டி வேணாம், அதுல இருந்தே உலோகம் ஒட்டிக்கும், மரக்குச்சி இல்லன்னா பிளாஸ்டிக் கரண்டி, பிளாஸ்டிக் வாளி. எல்லாத்தையும் கலந்து நாலா பிரிச்சு எதிரெதிர் ரெண்டு பங்க தள்ளிட்டு, மறுபடி கலந்து மறுபடி பிரிச்சு, அரைக்கிலோ வர்ற வரைக்கும் பண்ணி, நெழல்ல காய வச்சு புதுப் பையில போடுங்க, பழைய உரச்சாக்குல போடாதீங்க. பாசனத் தண்ணியும் ஒரு லிட்டரு சேத்துக் குடுத்துருங்க.

ரிப்போர்ட் வந்ததும் அத எப்படிப் பாக்குறது? ஈயம் எயற்கையாவே எந்த மண்ணுலயும் கிலோவுக்கு 10ல இருந்து 50 மில்லிகிராம் வரைக்கும் இருக்கும், அதப் பாத்து அலறாதீங்க. அமெரிக்காவுல வீட்டு மண்ணுக்கு 400ன்னு வச்சிருந்த எச்சரிக்கை அளவ 2024ல 200ஆ கொறச்சாங்க. காட்மியம் நல்ல மண்ணுல ஒரு மில்லிகிராமுக்குக் கீழதான் இருக்கும், அதத் தாண்டுனா கீரையும் நெல்லும் போடுறதுக்கு முன்னாடி வெளஞ்சதையே டெஸ்ட்டுக்கு அனுப்புறது நல்லது.

வெளஞ்சதுக்கு கோடெக்ஸ்னு சர்வதேச உணவுத் தர அமைப்பு வச்ச அளவு இருக்கு. தீட்டுன அரிசில காட்மியம் கிலோவுக்கு 0.4 மில்லிகிராம், கீரை வகைக்கு 0.2, ஈயம் கீரைல 0.3, தீட்டுன அரிசில இன்ஆர்கானிக் ஆர்சனிக் (ஆர்சனிக்குல விசம் கூடுன ரூபம்) 0.2. ஆனா சோறே கதின்னு இருக்குற வீட்டுக்கு இந்த 0.4ங்குறது பத்தாது, கணக்குப் போட்டுப் பாருங்களேன். உலக சுகாதார நிறுவனமும் ஐநாவோட உணவு, வேளாண்மை அமைப்பும் (எஃப்ஏஓ) சேந்த கமிட்டி 2010ல சொன்னது, ஒடம்பு எடைல கிலோவுக்கு மாசம் 25 மைக்ரோகிராம் காட்மியம், அதுக்கு மேல போகக்கூடாது. 60 கிலோ ஆளுக்கு மாசம் 1500, ஒரு நாளைக்கு 50. அந்த ஆளு ஒரு நாளைக்கு 300 கிராம் அரிசி பொங்கித் தின்னா, அரிசி 0.4ல இருந்துச்சுன்னா ஒரு நாளைக்கே 120 ஆச்சு. சட்டப்படி பாஸான அரிசி, கணக்குப்படி ரெண்டு மடங்குக்கு மேல. மூணு வேளையும் சோறு சாப்புடுற வீட்டுக்கு 0.15க்குக் கீழ இருந்தாத்தான் நான் சரின்னு சொல்லுவேன். சாதாரண எடத்துல வெளையுற அரிசில இதவிடக் கம்மியாத்தான் இருக்கும், பயப்படாதீங்க. மைனுக்குக் கீழ, ஆத்துப் பாசனத்துல வெளஞ்ச ஒரே வயலு அரிசிய வருசத்துக்கும் மூட்டயா வாங்கி வைக்கிறவங்களுக்குத்தான் இந்தக் கணக்கு.

என்ன போடலாம், என்ன போடக்கூடாது. சந்தேகமான மண்ணுல கீரை போடாதீங்க, எல்லாக் கீரையுமே காட்மியத்த இழுக்கும், பாலக்கு ரொம்ப இழுக்கும். முள்ளங்கி, கேரட்டு, பீட்ரூட்டு வேணாம். சூரியகாந்தியும் நல்லா இழுக்குற ஜாதி. ஓரளவுக்குப் பரவாயில்லாதது அவரை, துவரை, சுரை, பூசணி, புடலை, தக்காளி, மரத்துல காய்க்கிற மா, கொய்யா, தேங்கா. கத்தரிக்காய்க்கு ஒரு அழகான விசயம் இருக்கு, ஜப்பான்காரங்க கத்தரிய சுண்டைக்காச் செடியோட வேர்த்தண்டுல ஒட்டுக்கட்டிப் பாத்தா காயில காட்மியம் நல்லா கொறையுதுன்னு கண்டுபுடிச்சாங்க, சுண்டைக்கா வேரு காட்மியத்த மேல அனுப்புறதே கம்மியாம். வத்தக்கொழம்புக்குப் போடுற சுண்டைக்காய்க்கு இப்படி ஒரு குணம் இருக்குன்னு எங்க ஆத்தாவுக்குத் தெரிஞ்சிருந்தா இன்னும் நாலு கரண்டி கூட ஊத்திருக்கும்.

நெல்லு போட்டே ஆகணும்னா தண்ணி வைக்கிறதுல ஒரு சூட்சுமம் இருக்கு, இது ரெண்டு பக்கமும் கூரான கத்தி. வயல்ல தண்ணி நிக்கிறப்ப காட்மியம் மண்ணோட அடங்கிக் கெடக்கும், வயலு காயுறப்ப கரஞ்சு மேல ஏறும். ஆர்சனிக் நேர்மாறு, தண்ணி நின்னாத்தான் வெளிய வரும். அதனால காட்மியம் உள்ள வயல்ல கதிரு வர்றதுக்கு மூணு வாரம் முன்னாடி, வந்ததுக்கு மூணு வாரம் பின்னாடி தண்ணிய நிக்க வைக்கணும், ஆர்சனிக் உள்ள வயல்ல விட்டு விட்டுப் பாய்ச்சணும். நம்ம மானாவாரி நெல்லு ஐப்பசி கார்த்திகை மழைய நம்பி தை மாசம் காயுற வயல்ல முத்துறது, அதாவது காட்மியம் மட்டும் மண்ணுல நெறைய இருந்துச்சுன்னா அது மேல ஏறுறதுக்குத் தோதான பக்குவம். அதோட துத்தநாகச் சத்து கம்மியா இருக்குற மண்ணுல காட்மியம் கூட ஏறும், ரெண்டும் வேருக்குள்ள போற வாசல் ஒண்ணுதான். ஏக்கருக்கு பத்து கிலோ ஜிங்க் சல்பேட்டுங்குற வழக்கமான சிபாரிசு இங்க ரெட்ட வேலை செய்யும். ஆட்டுக்கிடை போடுறதும் நல்லது, மக்குன எரு உலோகத்தப் புடிச்சு வச்சுக்கும், ஆனா மைன் மேட்டுல மேஞ்ச ஆட்டோட கிடை வேணாம். அந்த மாதிரி எடத்துல மேஞ்ச ஆட்டு ஈரலும் கிட்னியும் கூட வாங்காதீங்க, காட்மியம் போயி சேருறது அங்கதான், கறி பரவாயில்ல.

மண்ணு மோசம்னு ஆகிப்போச்சு, கீரையும் வேணும்னா தொட்டிதான். இல்லன்னா தரையில கனமான தார்ப்பாய விரிச்சு அதுக்கு மேல ஒரு அடிக்கு நல்ல மண்ணு போட்டு மேட்டுப்பாத்தி. நம்மாளுக தேங்கா நார்க்கழிவு சேப்பாங்க, சேருங்க, ஆனா கடலோரத்து நார்க்கழிவுல உப்பு இருக்கும், நாலஞ்சு தடவ அலசிட்டுப் போடுங்க.

அடுப்படிக்கு வருவோம். எலைல ஒட்டியிருக்குற புழுதிதான் பாதி ஆபத்து, அது கழுவுனா போயிரும், உள்ள ஏறுனது போகாது. கீரைய கட்டோட தண்ணியில முக்கி எடுக்குறது கழுவுறது இல்ல, ஆஞ்சு எடுத்து அகலமான சட்டியில மூணு தண்ணி, அடியில மண்ணு தங்குறது நிக்கிற வரைக்கும். கெழங்குகள கழுவி தோலச் சீவிட்டு மறுபடி கழுவுங்க, ஈயம் பெரும்பாலும் தோலோடதான் இருக்கும். அரிசில இருக்குற ஆர்சனிக்குக்கு நம்ம பழைய முறை பரவாயில்ல. ஒண்ணுக்கு ஆறு பங்கு தண்ணி வச்சு கஞ்சி வடிச்சீங்கன்னா மூணுல ஒரு பங்குல இருந்து பாதி வரைக்கும் கஞ்சியோட போயிரும். ஆனா வடிச்ச கஞ்சிய உப்புப் போட்டுக் குடிச்சா போனது திரும்பி வந்துருச்சு, குக்கர்ல வச்சா எதுவுமே போகல. தண்ணியிலயே ஆர்சனிக் இருந்தா இந்த வேலையே ஆகாது, இன்னும் கூட ஏறும். காட்மியத்துக்கு கஞ்சி வடிக்கிறதுல பெருசா பலன் இல்ல.

மொளகாய்க்காரங்களுக்கு ஒரு வார்த்த. நம்ம முண்டு மொளகாய்க்கு 2023ல புவிசார் குறியீடு கெடச்சிருக்கு, பேரு போன சாமான், அத ரோட்டோரத்துல பரப்பிக் காய வைக்காதீங்க. பெட்ரோல்ல ஈயம் கலக்குறத நம்ம நாட்டுல 2000ல நிப்பாட்டியாச்சு, ஆனா அதுக்கு முன்னாடி ரோட்டோரத்துல படிஞ்ச ஈயம் மண்ணவிட்டுப் போகாது. தார்ப்பாய் விரிச்ச களம் போதும். மைன் ஊர்கள்ல தாதுக்கல்லு லாரி போற ரோட்டுல நெல்லு காய வைக்கிறாங்கன்னு மச்சினன் சொல்றான், கேக்கவே பகீர்னு இருக்கு. புழுதிய லேசா நெனைக்காதீங்க. நைஜீரியாவுல ஸம்ஃபாரான்னு ஒரு மாகாணம், தங்கம் இருக்குற கல்ல வீட்டுக்குக் கொண்டு வந்து மாவு அரைக்கிற மெசின்லயே அரைச்சாங்க, அந்தக் கல்லுல ஈயம் இருந்துச்சு, 2010ல நானூறு பிள்ளைகளுக்கு மேல செத்துப்போச்சு. மைன் வேலைக்குப் போற ஆளு வேலைத் துணியோட வீட்டுக்குள்ள வந்து பிள்ளையத் தூக்கக்கூடாது, அந்தத் துணிய மத்த துணியோட ஊற வைக்கக்கூடாது.

யாருக்கு ரொம்ப ஜாக்கிரதை வேணும்னா பிள்ளைகளுக்கும் மாசமா இருக்குறவங்களுக்கும். பெரியவங்க ஒடம்பு எடுத்துக்குற ஈயத்தவிட நாலஞ்சு மடங்கு சின்னப் பிள்ளைக ஒடம்பு எடுத்துக்கும், அது மூளையில போயி வேலை செய்யும், இவ்வளவு வரைக்கும் ஈயம் பரவாயில்லன்னு ஒரு அளவே கெடையாது. அம்மாவோட எலும்புல பல வருசமா தங்கியிருக்குற ஈயம் கர்ப்பத்துல எலும்பு கரையுறப்ப வெளிய வந்து பிள்ளைக்குப் போகும். அடுத்தது ரத்தசோகை உள்ள பொம்பளைங்க. ஒடம்புல இரும்பு கம்மியா இருந்தா குடலு காட்மியத்தையும் ஈயத்தையும் கூட உறிஞ்சும், தமிழ்நாட்டுல 15 வயசுல இருந்து 49 வரைக்கும் உள்ள பொம்பளைங்கள்ல பாதிப் பேருக்கு மேல ரத்தசோகை. அதனால சுகாதார நிலையத்துல குடுக்குற அயன் மாத்திரைய முந்தானையில முடிஞ்சு வைக்காம முழுங்குங்கத்தா. சுண்ணாம்புச் சத்தும் வேணும், அதுக்கு நெத்திலி, சாளைய முள்ளோட திங்கிற ஊரு நம்மது. அப்புறம் பீடி சிகரெட்டு, பொகையிலை காட்மியத்த இழுக்குற செடி, கீரைய மூணு தண்ணியில கழுவிட்டு திண்ணையில உக்காந்து பீடி பத்த வச்சா கழுவுன கணக்கு நேராயிரும்.

கடைசியா டாக்டர்கிட்ட போறது. ஈயத்துக்கு ரத்தம், காட்மியத்துக்கும் ஆர்சனிக்குக்கும் மூத்திரம். முடிய வெட்டி அனுப்புங்க விசத்தையெல்லாம் கண்டுபுடிச்சு எடுத்துருவோம்னு ஆன்லைன்ல டீடாக்ஸ் விக்கிறவங்ககிட்ட மாட்டாதீங்க. உலோகத்த வெளிய எடுக்குற ஊசி மாத்திரை இருக்கு, கிட்னிய பாத்துக்கிட்டே டாக்டர் குடுக்குற வைத்தியம் அது, தானா எடுத்துக்குறது இல்ல. காட்மியத்துல, கிட்னிக்கு வழக்கமா ரத்தத்துல பாக்குற கிரியாட்டினின் ஏறுறது ரொம்பக் கடைசி, அதுக்கு முன்னாடியே மூத்திரத்துல பீட்டா 2 மைக்ரோகுளோபுலின்னு ஒரு புரதம் எறங்க ஆரம்பிச்சிரும், மைன் பக்கம் நிறைய வருசம் இருந்தவங்க அதக் கேட்டு எழுதி வாங்கலாம்.

மச்சினன் பொங்கலுக்கு வந்தான், அரிசி மூட்ட இல்லாம. வந்து பத்து நாளு வீட்டுல இருந்துட்டு, சரி நீங்க சொல்றீங்களேன்னு மதுரையில ஒரு லேப்ல ஹெவி மெட்டல் பேனலுன்னு குடுத்துட்டு வந்தான். ரிப்போர்ட்ல குரோமியம் ஈயமெல்லாம் ஒழுங்கா இருக்கு, ஆர்சனிக் மட்டும் செவப்பு எழுத்துல எங்கயோ நிக்கிது. வீடே அழுகாச்சி, அத்த அவன இனிமே அந்தப் பக்கமே அனுப்ப மாட்டேன்னு உக்காந்துருச்சு. டாக்டரு ரிப்போர்ட்ட பாத்துட்டு கேட்ட முதல் கேள்வி, எந்த ஊருங்கிறது. ரெண்டாவது கேள்வி, மீனு எப்ப சாப்ட்டீங்க. பத்து நாளும் மூணு வேளையும் நண்டு, எறால், பாறை, ஊளின்னு போட்டுத் தாக்கியிருக்கான். கடல் சாமான்ல இருக்குற ஆர்சனிக் வேற ரூபம், ஆர்சனோபீட்டைன், ஒடம்பு அத அப்படியே வெளிய தள்ளிரும், ஆனா மொத்த ஆர்சனிக் டெஸ்ட்டுல அதும் சேந்து விழும். அஞ்சு நாளைக்கு மீனு, கருவாடு, நண்டு, எறால் எதுவும் தொடக்கூடாது, அதுக்கப்புறம் எடுங்க, எடுக்குறப்ப இன்ஆர்கானிக் ஆர்சனிக் தனியா வேணும்னு எழுதிக் குடுங்கன்னு அனுப்பிட்டாரு. இத நான் முன்னாடியே சொல்லிருக்கணும், கெமிஸ்ட்ரி படிச்சவன்னு பேரு.

அஞ்சு நாளு. சாம்பாரு, கத்தரிக்கா, முட்ட, மறுபடி சாம்பாரு. மூணாம் நாளே அவனுக்கு வெறுத்துப்போயி "இதுக்கு ஒடிசாவே பரவாயில்ல மச்சான்"ங்குறான். ரெண்டாவது ரிப்போர்ட் நார்மலா வந்த அன்னைக்கு அத்த எதும் சொல்லல, காலையில அஞ்சு மணிக்கு ஏலக்கடைக்குப் போயி ஒரு கூடை விளமீனோட வந்து நின்னுச்சு.